போகவில்லை என்று எழுதிய நாட்கள்

1

ஒரு நிலத்தின் வகைப்பாட்டை மாற்றக் கோரி மனு வந்தால் வருவாய் ஆய்வாளர் அந்த நிலத்துக்கு நேரில் போக வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்க்க வேண்டும். மக்கள் பயன்பாட்டில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் கண்ட பிறகே அறிக்கை எழுத வேண்டும். நான் வேலை பழகிய காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி இது. இதில் ‘நடந்து’ என்ற சொல்லை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. விதியை எழுதிய காலத்தில் ஜீப் வந்திருக்காது என்று நாங்களாக எடுத்துக்கொண்டோம்.

இதை இப்போது எழுதக் காரணம் ஓய்வுபெற்ற அலுவலர்கள் சங்கத்தின் ஆண்டு மலர். “எண்பத்து மூன்று வயதிலும் தாங்கள் இங்கிலாந்தில் தினந்தோறும் நடைப்பயிற்சி செய்து வருவதாக அறிகிறோம். இடைவிடாமல் தொடர்வதன் ரகசியத்தை இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் எழுதி அனுப்பவும்” என்று செயலாளர் கேட்டிருக்கிறார். நான்கு வரியில் மூன்று பிழைகள். நான் தினந்தோறும் நடப்பதில்லை. இடைவிடாமலும் தொடரவில்லை. விஷயம் இரண்டு பக்கங்களுக்குள் அடங்காது.

ரகசியம் என்று ஒன்று இருப்பது மட்டும் உண்மை. அதை 1991இல், ஒரகடம் பக்கத்தில், சத்துணவுக் கூடத்தில் வேலை செய்த ஒரு பெண் எனக்குச் சொன்னாள். அவள் நடந்து போகும் பாதையை அப்போதுதான் நான் காகிதத்தில் இல்லாமல் செய்திருந்தேன்.

2

எங்கள் துறையில் சுற்றுப்பயண நாட்குறிப்பு என்று ஒன்று உண்டு. மாதம் இத்தனை நாள் கிராமங்களுக்குப் போனேன், இன்னின்ன புலங்களைத் தணிக்கை செய்தேன், இத்தனை கிலோமீட்டர் நடந்தேன் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவோம். வேறு வேறு நாள் எழுதியதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு பேனா வைத்திருந்தேன்.

ஒருநாள் என் மனைவி அதை எடுத்துப் படித்தாள்.

“காலை ஆறு மணிக்குப் புறப்பாடு, ஏழு கிலோமீட்டர் நடைன்னு எழுதியிருக்கீங்களே, அன்னிக்கு எட்டரை வரைக்கும் தூங்கினீங்க.”

“அது ஆபீஸ் விஷயம்.”

“சரி, ஆபீஸ் விஷயம். இவ்வளவு நடந்தும் இந்தத் தொப்பை ஏன் கரையலைன்னு மேலதிகாரி யாரும் கேக்கறதில்லையா?”

யாரும் கேட்டதில்லை. அவர்களுக்கும் தொப்பை இருந்தது.

1991இன் ஒரகடத்தை இன்றைய ஒரகடமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இப்போது விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும் கூட்டுரோட்டில் அன்று ஒரு டீக்கடையும் ஒரு சைக்கிள் கடையும் இருந்தன. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும் பஸ்ஸுக்கு ஒரு புளியமரம்தான் நிறுத்தம். இரண்டு பக்கமும் ஏரி, நெல் வயல், மறுபடி ஏரி. கம்பெனிகள் ஒன்றிரண்டாக நிலம் வாங்க வந்துகொண்டிருந்தன.

அப்படி வந்த ஒரு கம்பெனி வாங்கிய நிலத்துக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை போயிற்று. பாதை புறம்போக்கு, அரசுடையது. சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டுமானால் அது பாதை இல்லை என்று ஆக வேண்டும். கோப்பு என்னிடம் வந்தது. கிராமத்தின் பெயரை எழுதப்போவதில்லை, தவறு கிராமத்துடையது அல்ல.

நான் தலையாரியுடன் ஜீப்பில் போனேன். பாதை ரோட்டில் வந்து சேரும் இடத்தில் வேலிகாத்தான் முள் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. ஒரு ஆடுகூட நுழைய முடியாது. டீக்கடையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். பிறகு எழுதினேன்: ‘காலை 7 மணிமுதல் பாதையின் முழு நீளமும் நடந்து தணிக்கை செய்யப்பட்டது. நெடுநாளாகப் பயன்பாட்டில் இல்லை. வகைமாற்றம் செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.’

கையெழுத்து, முத்திரை, தேதி. தலையாரிக்கு ஒரு டீ.

3

ஆட்சேபணை கேட்டு ஊரில் அறிவிப்பு ஒட்டினார்கள். இரண்டு நாள் கழித்து, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என் அலுவலக வாசலில் வந்து நின்றாள். பெயர் கன்னியம்மா. பாதையின் இந்த முனையில் அவள் வீடு, அந்த முனையில் பள்ளிக்கூடம். தினமும் காலையில் போய்ச் சத்துணவுக் கூடத்தில் அடுப்பு மூட்ட வேண்டும்.

“இன்னா சார், வழியே இல்லன்னு எழுதிக்கீறீங்களாமே?”

“இல்லைன்னு எழுதலைம்மா. பயன்பாட்டுல இல்லைன்னு எழுதியிருக்கேன்.”

“அப்ப நான் டெய்லி இஸ்கோலுக்கு எப்டிப் போறேன், பறந்துகினா?”

“ஏய், சார்கிட்ட மரியாதையா பேசு” என்றார் தலையாரி.

“மரியாதையாத்தான்யா கேக்கறேன். சார்னு சொல்லல?”

நான் முள்ளைப் பற்றிச் சொன்னேன். அவள் என்னை ஒரு விநாடி பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“அய்யே! அந்த முள்ளாண்ட யாரு சார் பூருவா? நாப்பதடி தள்ளி சந்து கீது. ஊரே அதுல தான் வந்துகினு போய்கினு கீது. எறங்கி நின்னு பார்த்தா தெரிஞ்சிருக்கும்.”

ஆட்சேபணை எழுத்து மூலமாகத்தான் ஏற்கப்படும் என்று நடைமுறையைச் சொன்னேன்.

“எழுதத் தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு ஆயா வேலைக்குப் போறேன்? டீச்சர் வேலைக்குப் போயிருப்பேன்ல?”

இருந்தாலும் மறுநாளே மனு வந்தது. தலைமையாசிரியரை எழுதச் சொல்லி, கீழே கைநாட்டு வைத்திருந்தாள். பெற்றுக்கொண்டு முத்திரை குத்தினேன். போகும்போது சொன்னாள்: “நாளைக்குக் காலீல ஏழு மணிக்கு ஒரு தபா எங்கூட நடந்து பாரு சார். அப்பால இல்லன்னு எழுது.”

ஏன் போனேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. என் சேவையில் விதிப்படி நடந்து செய்த ஒரே தணிக்கை அதுதான். அறிக்கை அனுப்பிப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு.

அவள் தலையில் ஒரு கட்டு விறகு, இடுப்பில் காய்கறிப் பை. என் கையில் ஒரு கோப்பு. சந்துக்குள் நுழைந்ததும் மாட்டுக்கொம்பு போல வளைந்து போகும் பாதை தெரிந்தது. பல்லாண்டு காலடி பட்டுக் கெட்டித்து, சிமெண்டு பூசியது போல வழவழப்பாக இருந்தது. நடுவில் ஒரு புல்கூட இல்லை. ‘நெடுநாளாகப் பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதிய கையை நான் கோப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

முதல் கால் மணி நேரத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. எனக்கு ஐம்பத்தொன்று. அவள் வேகத்தைக் குறைக்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. கழுத்து அசையவில்லை. விறகுக்கட்டு தானாகக் காற்றில் மிதந்து போவது போல இருந்தது. அதற்குக் கீழே உடம்பு முழுவதும் ஏதோ ஒரு கணக்கில் இயங்கிக்கொண்டிருந்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. ஏரியின் அளவுக்கல்லில் தண்ணீர் நேற்றைக்கு விரல்கடை ஏறியிருக்கிறது என்றாள். பனைமரத்துப் பொந்தில் மைனா குஞ்சு பொரித்திருக்கிறது என்றாள். யாரோ ஒருவருடைய கத்திரித் தோட்டத்தைப் பார்த்து, “தண்ணி கட்டல பாரு, சோம்பேறி” என்று திட்டினாள். என் தணிக்கைகள் டீக்கடை பெஞ்சிலேயே முடிந்தவை. இவள் நிஜமாகவே தணிக்கை செய்துகொண்டு போனாள்.

பனைமரத்தடியில் எனக்காக நின்றாள்.

“தினமும் இவ்வளவு தூரம் நடக்கறது அலுத்துப்போகலையாம்மா?” என்று கேட்டேன்.

“நான் எங்க சார் நடக்கறேன்? இஸ்கோலுக்குப் போறேன். போற எடத்துல வேலை கீது, போற வழியில பாக்கறதுக்கு எதுனா கீது. நடக்கறதுக்குன்னு யார்னா நடப்பாங்களா?”

“உடம்பு முடியாத நாள்ல?”

“முடியாட்டிப் போமாட்டேன். போவலன்னு சொல்லி அனுப்பிடுவேன். மறுநாளு போவேன்.” பிறகு, குழந்தைக்குச் சொல்வது போல, “ஒருநாளு போவலன்னா வழி எங்கனா ஓடிப்பூடுமா சார்?” என்றாள்.

ஓடிப்போயிற்று. நான்தான் விரட்டினேன்.

மறுநாள் கூடுதல் அறிக்கை ஒன்று எழுதினேன். பாதை பயன்பாட்டில் உள்ளது, பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். அனுப்பியிருந்தால் பாதை பிழைத்திருக்கும். ஆனால் முழு நீளமும் நடந்ததாக நான் எழுதிய முதல் அறிக்கை பொய் என்று ஆகிவிடும். அதைத் தொட்டால் நாட்குறிப்பைத் தொடுவார்கள். நாட்குறிப்பைத் தொட்டால் முப்பதாண்டு சரியும். அறிக்கையை மேசை இழுப்பறையில் வைத்தேன். கன்னியம்மாவின் மனுவையும் அதனுடன் வைத்தேன். சில மாதத்தில் எனக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாளில் ஜீப்பிலிருந்து பார்த்தேன். சுவர் எழும்பியிருந்தது. லாரிகள் போகும் ரோட்டோரமாகக் கன்னியம்மா விறகுக்கட்டுடன் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளிக்கு இப்போது இரண்டு மடங்குக்கு மேல் தூரம். என்னைப் பார்த்து, “சார்!” என்று கையை உயர்த்தினாள். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

4

ஓய்வுபெற்ற மறு வருடம் மனைவி போனாள். 1999 தொடக்கத்தில் மகன் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். இங்கிலாந்தின் நடுவே ஒரு சிறிய ஊர். வந்த பதினைந்தாம் நாள் மருத்துவர் என் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டு எழுதும் அதே தோரணையில் உடற்பயிற்சிக்கூடத்துக்குச் சீட்டு எழுதினார். பன்னிரண்டு வாரம், இலவசம். அரசாங்கம் குடிமகனுக்கு வியர்வையை மருந்தாக எழுதிக்கொடுப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சீட்டை இரண்டு முறை படித்தேன். ஒரு முத்திரைகூடக் குறையாமல் இருந்தது.

உடற்பயிற்சிக்கூடத்தில் டிரெட்மில் என்ற இயந்திரத்தில் ஏற்றினார்கள். எவ்வளவு நடந்தாலும் புறப்பட்ட இடத்திலேயே இருந்தேன். இந்த அனுபவம் எனக்குப் புதிதல்ல, முப்பதாண்டு இதைத்தான் செய்தேன். மூன்றாம் வாரம் முழங்கால் வலித்தது. சொல்லாமல் நின்றுவிடுவது முறையல்ல என்று, உரிய ஆங்கிலத்தில், மூன்று நாள் விடுப்பு கோரிப் பணிவுடன் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அந்த நிலையத்துக்கு அதுவரை யாரும் விடுப்பு விண்ணப்பம் கொடுத்ததில்லையாம். கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார்கள். அதன் பிறகு அங்கே போகக் கூச்சமாக இருந்தது.

அடுத்து நீச்சல்குளம், தண்ணீர் குளிர். அடுத்து கோவில் மண்டபத்தில் முதியோர் யோகா, பேச்சு அதிகம். பிறகு மகன் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவி ஒன்றை வாங்கித் தந்தான்.

“இதுல பத்தாயிரம் வரணும்ப்பா.”

அதைக் கையில் பிடித்து ஆட்டினாலும் எண்ணிக்கொள்ளும் என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்தேன். செய்தி பார்த்துக்கொண்டே ஆட்டுவேன். சாயங்காலம் மகன் பார்த்து, “பரவாயில்லையேப்பா!” என்பான். ஒருநாள் பதினோராயிரம் வந்ததும்தான் எனக்குத் திக்கென்றது. கடல் தாண்டி வந்தும் நான் சுற்றுப்பயண நாட்குறிப்புதான் எழுதிக்கொண்டிருந்தேன். இம்முறை ஏமாறுவது மேலதிகாரி அல்ல, என் சர்க்கரை.

5

ஒருநாள் காலை எங்கள் தெருவில் ஒரு கிழவர் நாயுடன் இரண்டு வீடுகளுக்கு நடுவில் நுழைந்து மறைந்தார். எட்டிப் பார்த்தேன். ஆள் அகலத்தில் ஒரு சந்து. அதற்கு அப்பால் வயலோரமாக ஒரு மண்பாதை வளைந்து போயிற்று. நடுவில் ஒரு புல்கூட இல்லை.

கால் தானாக நுழைந்தது. வயல், ஒரு மட்டக்குதிரை, ஓடைமேல் ஒரு பலகை, ஒரு பெரிய மரம். முடிவில் நூலகம். உள்ளே போய்ப் பேப்பர் படித்துவிட்டு ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மூன்று கிலோமீட்டர் நடந்திருக்கிறேன் என்று உறைத்தது. நான் நடக்கவில்லை. நூலகத்துக்குப் போனேன்.

அன்றிலிருந்து அதுதான் என் பயிற்சி. செயலாளர் குறித்துக்கொள்ளலாம்: எப்போதும் ஒரே ஒரு புத்தகம்தான் எடுப்பேன். இரண்டு எடுத்தால் மறுநாள் போக வேலை இருக்காது. வழியில் எனக்கென்று தணிக்கைப் பட்டியல் ஒன்று போட்டுக்கொண்டேன். ஓடையில் நீர்மட்டம், பலகையில் ஆணி, குதிரையின் உடல்நிலை, மரத்தில் புதிய கூடு. திரும்பி வந்து நாட்குறிப்பில் எழுதுவேன். முதல் பதிவு 1999 மே 4, செவ்வாய்க்கிழமை.

இன்னொரு விதியும் வைத்துக்கொண்டேன். போகாத நாளில் ‘போகவில்லை’ என்று எழுத வேண்டும். காரணமும் எழுத வேண்டும், அது கேவலமாக இருந்தாலும். ‘சோம்பல். போகவில்லை.’ ‘கிரிக்கெட். போகவில்லை.’ இதில் ஒரு விந்தையைக் கண்டேன். போகாத நாளை மறைத்தால் மறுநாள் போக மனம் வருவதில்லை, கணக்கு ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று தோன்றிவிடுகிறது. எழுதிவிட்டால் அது அந்த ஒருநாளோடு முடிந்துவிடுகிறது. கன்னியம்மா எழுத்தறியாமலே வைத்திருந்த நடைமுறை இது.

ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. ஐந்தாண்டில் தொப்பை போயிற்று. மனைவி இருந்திருந்தால் மேலதிகாரிக்கு எழுதியிருப்பாள். எழுபது வயதில் பலகையைத் தாவிக் கடந்தபோது இந்த உடம்பைப் பார்த்து எனக்கே கை கூப்பத் தோன்றியது. முப்பது வருடம் ஜீப்பில் கொண்டுபோன சுமை, இறக்கிவிட்டதும் தானாக நடந்துவிட்டது.

6

2019 அக்டோபர் 8 காலை, சந்தின் வாயில் கம்பிவேலி நின்றது. வயலை ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கியிருந்தது. வேலியில் ஓர் அறிவிப்பு: ‘தனியார் நிலம். பாதை இல்லை.’

அந்த அறிவிப்பின் முன் நெடுநேரம் நின்றேன். வாசகம் என்னுடையது.

ரோடு வழியாக நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு மடங்கு தூரம், நடைபாதை கிடையாது, லாரிகள். நான்கு நாளில் நின்றுவிட்டேன். குளிர்காலம் முடிவதற்குள் சர்க்கரை ஏறி, “அடுத்தது இன்சுலின் ஊசிதான்” என்றார் மருத்துவர். அந்தப் பாதையைத் தவிர வேறெதிலும் நான் நிலைத்ததில்லை என்பது அவருக்கும் தெரியும். ரோட்டோரமாக விறகுக்கட்டுடன் போனவளுக்கு முப்பத்தைந்து வயது. நான் எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் இந்த நாட்டின் விதி ஒன்றைத் தெரிந்துகொண்டேன். முப்பதாண்டு விதிகளோடு வாழ்ந்தவன் நான். ஒரு விதியைப் படித்து மயிர்க்கூச்செறிந்தது அதுவே முதல் தடவை. ஒரு வழியில் மக்கள், யாரும் தடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், இருபது ஆண்டு நடந்திருந்தால் அது பொதுப்பாதை. நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி. பத்திரம் வேண்டாம், வரைபடம் வேண்டாம். கால்தான் சாட்சி.

வேலி போட்ட நாளிலிருந்து பின்னோக்கி இருபது ஆண்டு. என் முதல் பதிவு அதற்கும் ஐந்து மாதம் முந்தியது.

தெருக்காரர்கள் பதினொரு பேர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டோம். பெரும்பாலோர் பத்தாண்டுக்குள் குடிவந்தவர்கள். ஆரம்ப வருடங்களுக்குச் சாட்சி நானும் அந்த நாய்க்காரக் கிழவரும்தான். அவர் கொள்ளைநோய்க் குளிர்காலத்தில் இறந்துவிட்டார்.

நகராட்சியிலிருந்து ஹெலன் என்ற பெண் அதிகாரி தணிக்கைக்கு வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. ஜீப்பிலிருந்து, மன்னிக்கவும், காரிலிருந்து இறங்கி ரப்பர் பூட்ஸ் மாட்டினார். அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு, நில உரிமையாளரின் அனுமதிக் கடிதத்துடன், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். சேற்றில் மண்டியிட்டு மண்ணின் இறுக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். திரும்பும்போது மூக்கு நுனியில் மழைத்துளி. நான் குடையுடன் வேலியருகில் நின்றுகொண்டிருந்தேன்.

“முழுவதும் நடந்தீர்களா?” என்று கேட்டேன்.

“நடக்காமல் எப்படி எழுதுவது?” என்றார், கேள்வி புரியாமல்.

7

என் இருபது நாட்குறிப்புகளும் தமிழில் இருந்தன. நான் படித்துச் சொல்ல, பேத்தி நிலா ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வீட்டில் சாப்பாடு கேட்கும் அளவுக்கு. படிக்க வராது.

“தாத்தா, ‘சோம்பல்’னா என்ன?”

சொன்னேன்.

“அது ஏன் இத்தனை தடவை வருது?” என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வழக்கறிஞர் போல முகத்தை வைத்துக்கொண்டு, “போகாத நாளை எல்லாம் விட்டுடலாம் தாத்தா. நடந்த நாள் மட்டும் குடுப்போம். கேஸுக்கு அதான் நல்லது” என்றாள்.

என் முப்பதாண்டு அனுபவம் முழுவதும் அவள் பக்கம் போய் நின்றது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் அவளிடம், கணினியில் ஒரகடத்தை வானிலிருந்து காட்டச் சொன்னேன். முதலில் நம்ப முடியவில்லை. நீலக் கூரைகள், ஏக்கர் கணக்கில். புதுக் கார்கள் வெயிலில் பல்வரிசை போல நின்றன. வல்லம் வடகால் பக்கமெல்லாம் அகலச் சாலைகள். ஏரியின் வளைவை வைத்துத்தான் அந்தச் சுவரைக் கண்டுபிடித்தேன். நான் எழுப்பிய சுவர்.

“பெரிசு பண்ணு” என்றேன்.

சுவரின் வெளிப்புறத்தை ஒட்டி, நகக்கீறல் போல, ஒரு பழுப்புக் கோடு. ஊரின் முனையில் தொடங்கி, சுவரோடு ஒட்டி வளைந்து, மூலையில் திரும்பி, பள்ளிக்கூடத்தில் போய் முடிந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத கோடு. யாரும் அளக்காத, யாரும் பரிந்துரைக்காத வழி. காலால் போட்டிருக்கிறார்கள்.

“என்ன தாத்தா அது?”

“பயன்பாட்டுல இருக்கற பாதைம்மா” என்றேன். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, முள், இழுப்பறை. அவள் தமிழ் அதற்குப் போதவில்லை, என் துணிச்சலும் போதவில்லை. இருவரும் சமாளித்தோம்.

மறுநாள் போகாத நாட்களையும் தட்டச்சு செய்தாள்.

8

விசாரணை 2022இல் ஊர் மண்டபத்தில் நடந்தது. மத்திய அரசு அனுப்பிய விசாரணை அதிகாரி நடுவில். ஒரு பக்கம் நாங்கள். மறுபக்கம் கட்டுமான நிறுவனத்தின் வழக்கறிஞரும், நிலத்தை அவர்களுக்கு விற்ற வயதான விவசாயியும். பாதையில் யாரும் தொடர்ந்து நடந்ததில்லை என்பது விவசாயியின் சாட்சியம்.

வழக்கறிஞர் மிக மரியாதையாகக் கேட்டார்: “பணியில் இருந்தபோதும் இதுபோல நாட்குறிப்பு எழுதினீர்கள் அல்லவா?”

“எழுதினேன்.”

“அதில் நடந்ததாக எழுதிய நாட்களில் எல்லாம் நடந்தீர்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நாட்குறிப்புகள் எந்தக் கட்டுக்குள் கரையானுக்கு இரையாயினவோ, யாரும் தேடப்போவதில்லை. இரண்டாம் வரிசையில் நிலா உட்கார்ந்திருந்தாள்.

“இல்லை” என்றேன். “பெரும்பாலும் பொய்.”

தெருக்காரர்கள் பதினொரு பேரின் பாதையையும் நான் இரண்டாம் முறையாக விற்றுவிட்டது போல இருந்தது.

“அப்படியானால் இதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?”

“நம்ப வேண்டாம், ஒப்பிட்டுப் பாருங்கள். என் பொய் நாட்குறிப்பில் நான் நடக்காத நாளே கிடையாது. மழையில் நனைந்ததும் கிடையாது.”

விசாரணை அதிகாரி ஆங்கிலத் தட்டச்சுக் கட்டு ஒன்றை நடுவில் பிரித்து, நிலாவைப் படிக்கச் சொன்னார்.

“2003 பிப்ரவரி 11. மழை, சோம்பல். போகவில்லை. 12, நேற்றுப் போகாததால் இன்றும் போகவில்லை.” மண்டபம் சிரித்தது. “13, போனேன். பலகையில் ஓர் ஆணி இல்லை. குதிரையைக் காணோம். 14, போனேன். குதிரை இல்லை. இறந்துவிட்டதாகத் தெரிகிறது. யாரிடம் போய் துக்கம் விசாரிப்பது என்று தெரியவில்லை.”

எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. விவசாயி எழுந்து நின்றிருந்தார்.

“புதன்கிழமை ராத்திரி செத்தது” என்றார். “என் மகளுடைய குதிரை. அந்த வாரம் அந்த வயல் வழியாக நடந்தவருக்குத்தான் அது தெரிந்திருக்கும்.”

வழக்கறிஞர் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை தாழ்த்தினார். பத்தொன்பது ஆண்டு தாமதமாக நானும் தலையைத் தாழ்த்தினேன்.

9

பதில் வர மேலும் பல மாதம் ஆயிற்று. இந்த நாட்டிலும் கோப்பு தூங்கும், குறட்டை மட்டும் விடாது. பதினான்கு பக்கம் தட்டச்சுச் செய்த தீர்ப்பு தபாலில் வந்தது. பாதை பொதுப்பாதை என்று உறுதிசெய்யப்படுகிறது. வேலி அகற்றப்பட வேண்டும். என் நாட்குறிப்பைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதை நிலா உரக்கப் படித்தாள்: இந்தச் சாட்சி நடக்காத நாட்களைப் பதிவுசெய்திருப்பதால், அவர் நடந்ததாகச் சொல்லும் நாட்களை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

“மூணு வருஷம் அஞ்சு மாசமா இதுக்கு?” என்றான் மகன்.

1991இல் முத்திரை குத்தி வாங்கிய ஒரு மனுவுக்கு இன்னும் பதில் அனுப்பாதவன் நான். ஷூவை எடுத்தேன்.

“தாத்தா, வெளிய பனி. வழுக்கும்” என்று நிலா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்தின் வாய் வெள்ளையாக இருந்தது. வேலி இன்னும் நின்றது, ஆனால் இனி அது வெறும் கம்பி. ஷூவைக் கழற்றிவிட்டு நாட்குறிப்பைத் திறந்தேன்.

‘பதில் வந்தது. பனி. போகவில்லை. வழி எங்கேயும் ஓடிப்போகாது.’

2023 மார்ச் 9, வியாழக்கிழமை.